நிறுத்திய காருக்குள் வெயில்: மதுரை வெக்கையில் உயிர் காக்க முழுமையான வழிகாட்டி

காருக்குள் சிக்கி குழந்தைகள் இறந்தால் "மூச்சுத்திணறி பலி" என்றுதான் செய்தி வரும். 2022 ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் இறந்தபோதும் அப்படித்தான் வந்தது. படிப்பவர் மனதில் என்ன பதிகிறது? காற்று இல்லாததுதான் ஆபத்து, கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வைத்தால் போதும் என்று. இந்த நினைப்பே பல வீடுகளில் ஆபத்தைக் கொண்டுவருகிறது. கார் காற்றுப் புகாத பெட்டி அல்ல. கதவு ரப்பர், ஏசி துவாரம் வழியாகக் கொஞ்சம் காற்று போய்வந்துகொண்டுதான் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் காற்று தீர்வதற்கு வெகு முன்பே சூடு ஆளைச் சாய்த்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

வெயிலின் ஒளி கண்ணாடி வழியாகத் தடையில்லாமல் உள்ளே வருகிறது. டேஷ்போர்டு, ஸ்டீயரிங், சீட் எல்லாம் அதை உறிஞ்சிச் சூடாகி, வெப்பக் கதிராகத் திருப்பி விடுகின்றன. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியேறுவதில்லை. சூடான காற்றும் மேலே போக வழியில்லாமல் கூரைக்கடியில் தேங்குகிறது. கறுப்பு டேஷ்போர்டு உள்ள கார்களில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. "அஞ்சே நிமிஷம், இதோ வந்துடறேன்" என்பது ஏன் சரிவராது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். சூடு கடைசியில் வருவதில்லை, தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

2018-ல் அரிசோனாவில் நடந்த ஆய்வு நம்மூருக்கு இன்னும் பொருந்தும். அங்கே வெளியே 38 டிகிரிக்கு மேல், நம் சித்திரை, வைகாசி போல. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் உள்காற்று சராசரி 47 டிகிரி, சீட் 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்றவற்றில் உள்காற்று 38, டேஷ்போர்டு 48. இரண்டு வயதுக் குழந்தையின் உடல்சூடு ஆபத்தான 40 டிகிரியைத் தொட வெயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டார்கள். நிழல் நேரத்தைத் தள்ளிப்போடும், காப்பாற்றாது. இதை "ஒரு மணி நேரம் தாங்கும்" என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிறந்து சில மாதமே ஆன குழந்தை என்றால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். எடைக்குத் தோல்பரப்பு அதிகம், உடம்பில் இருக்கும் தண்ணீரின் மொத்த அளவு குறைவு, வியர்வையும் பெரியவர்கள் அளவுக்கு வராது. அதோடு மூடிய காரில் வியர்க்க வியர்க்க உள்காற்றில் ஈரப்பதம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் இட்லிச் சட்டிக்குள் இருப்பதுபோல் ஆகி, வியர்வை காயாமல் நிற்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

நம் பக்கம் யார் சிக்குகிறார்கள்

அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மரணங்கள், பின்சீட்டில் தூங்கும் குழந்தையைப் பெற்றோர் மறந்து போவதால் நடப்பவை. நம்மூரில் அதிகம் செய்தியாவது வேறு: தெருவிலோ தோட்டத்திலோ பூட்டாமல் நிற்கும் காருக்குள் குழந்தைகள் தாங்களே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, திறக்கத் தெரியாமல் தவிப்பது. அடுத்தது, "எனக்கு முடியாதுப்பா, நீங்க போய்ட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்" என்று தங்கிவிடும் ஆத்தாவும் தாத்தாவும். பிறகு சாவி உள்ளே, குழந்தை உள்ளே, கதவு பூட்டிக்கொண்ட நிலை. மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதல் வேலை: உங்கள் காரின் கதவைச் சோதியுங்கள்

எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், இந்தச் சோதனைக்கு கால்மணி நேரம் போதும். காலையில் வெயில் ஏறுமுன் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் சாவியோடு வெளியே.

1. வெளியே இருப்பவர் ரிமோட்டில் பூட்டட்டும். உள்ளே இருப்பவர் முன்கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சில கார்களில் ஒரே இழுப்பில் திறக்கும், சிலவற்றில் இரண்டாவது இழுப்பில்தான் திறக்கும், சிலவற்றில் குமிழைத் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ரிமோட்டில் பூட்டினால் உள்ளிருந்து திறக்கவே முடியாத கார்களும் உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

2. பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டு நாக்குக்குப் பக்கத்தில் சின்ன நெம்பி ஒன்றோ, சாவிமுனையால் திருப்பும் துளையோ இருக்கும். அதுதான் சைல்ட் லாக். அது போட்டிருந்தால் பின்கதவு உள்ளிருந்து எந்நிலையிலும் திறக்காது. ஓடும் காருக்கு அது நல்லது. நிற்கும் காரில் ஏறிய பிள்ளைக்கு அதுவே சிறை. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. பின்சீட்டில் இருந்து முன்சீட்டுக்குத் தாவி முன்கதவைத் திறக்கப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு ஹாரனை அழுத்துங்கள். அடிக்கிறதா? பல கார்களில் அடிக்கும், சிலவற்றில் அடிக்காது. சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்டு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அதன் மினுக்கு விளக்குகள் அநேகமாகச் சாவி இல்லாமலே எரியும்.

4. டிக்கியை மறக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் டிக்கிக்குள் போய் மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை.

சோதித்ததை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டுங்கள். நான்கைந்து வயதானால் கற்றுக்கொள்வார்கள்: மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்குப் போ, கைப்பிடியை இரண்டு முறை இழு, திறக்காவிட்டால் ஹாரனில் உட்கார்ந்து விடு, சிவப்பு முக்கோணத்தை அமுக்கு. வாயால் சொன்னால் மறந்துபோகும்; அவர்கள் கையாலேயே இழுத்துத் திறக்க வையுங்கள். "காருக்குள்ள போகாதே" என்று மிரட்டி மட்டும் விட்டால், மாட்டிக்கொண்ட பிள்ளை அடிக்குப் பயந்து சத்தம் போடாமல் சீட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் நிற்கும் காருக்கு

வாசலில் நின்றாலும், ஷெட்டில் நின்றாலும், சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும். ரிமோட்டை விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துப் பழக்கினால், திறக்கும் பொத்தான் எது என்று ஒன்றரை வயதிலேயே தெரிந்துகொள்ளும்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். பல கார்களில் ரிமோட்டால் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சாமான் இறக்கும்போது சாவியைச் சீட்டில் போட்டுவிட்டு, குழந்தையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு டிக்கிப் பக்கம் போவார்கள். குழந்தை சென்ட்ரல் லாக் பொத்தானைத் தொட்டால் அவ்வளவுதான். இறங்கும்போது சாவி கையிலோ சட்டைப்பையிலோ இருக்கட்டும். பெட்ரோல் பங்கானாலும் சரி, வீட்டுக் கேட்டைத் திறக்க இறங்கினாலும் சரி.

தார்ப்பாயோ உறையோ போட்டு மூடிய கார் இரட்டை ஆபத்து. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. ஒர்க் ஷாப் ஓரத்திலும் காலி மனையிலும் கேட்பாரற்று நிற்கும் பழைய வண்டிகளின் பூட்டுகள் பழுதாகி, வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி இருக்கும். உரிமையாளரிடம் சொல்லிக் கதவுகளைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். முழு ஆண்டுத் தேர்வு விடுமுறையும் கத்திரி வெயிலும் ஒரே சமயத்தில் வருவதால், ஏப்ரல் பிறக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பிள்ளையைக் காணோம் என்றால் தேட வேண்டிய வரிசை: முதலில் கிணறு, தொட்டி, சம்ப், கண்மாய் என்று தண்ணீர் உள்ள இடம். அதே நேரத்தில் இன்னொருவர் தெருவில் உள்ள எல்லாக் கார்களையும் பார்க்க வேண்டும். உறையைத் தூக்கி, சீட்டின் கால்வைக்கும் பள்ளத்தையும் டிக்கியையும் பார்க்க வேண்டும். சூட்டில் மயங்கிய குழந்தை சீட்டிலிருந்து சரிந்து கீழேதான் கிடக்கும். கண்ணாடி வழியாக மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

கோயில், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை இருக்கிறது. வயதானவரைக் காரில் உட்காரவைத்துவிட்டுத் தரிசனத்துக்குப் போனால், உள்ளே போனவரை அவரால் அழைக்கவே முடியாது. முன்கண்ணாடியில் எழுதி வைத்திருக்கும் நம்பருக்குப் போன் போட்டாலும் அந்தப் போன் காருக்குள்ளேயோ கோயில் பெட்டகத்திலேயோ அடிக்கும். திருவிழா நாளில் வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நடக்க முடியாதவரை முதலில் கோபுர வாசல் பக்கம் நிழலில் ஒருவர் துணையோடு இறக்கிவிட்டு, அப்புறம் வண்டியை நிறுத்தப் போங்கள். ஜவுளிக்கடை என்றால் கீழ்த்தளத்தில் நாற்காலி கேட்டு வாங்கி உட்காரவைக்கலாம். எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் "எனக்கு ஒண்ணும் செய்யலை" என்றுதான் சொல்வார்கள். வயதானால் தாகம் தெரிவது குறையும். நீர் பிரியும் மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கு உடல் குளிரும் வழி இன்னும் அடைபடும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. காரில் விட்டுப்போகக் கூடாது.

ஏசியை ஓடவிட்டு உள்ளே விட்டுப்போவதும் சரியல்ல. இஞ்சின் அணைந்தால் ஏசியும் நிற்கும். சில கார்கள் சாவி தள்ளிப்போனாலோ நேரம் கடந்தாலோ தாமே அணையும். குழந்தை கியரைத் தட்டலாம், ஏறும் கண்ணாடியில் கழுத்தைக் கொடுக்கலாம். மண்டப வாசலில் ஏசி போட்டுத் தூங்கும் டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை: புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டுக்குள் வண்டி ஓடினாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மரத்தடியில் கட்டிலோ பாயோதான் பாதுகாப்பு.

கைக்குழந்தையோடு போகும்போது மறதிக்கு மருந்து பாசம் அல்ல, பழக்கம்தான். தினமும் மனைவி கொண்டுவிடும் குழந்தையை ஒருநாள் கணவர் ஏற்றிப்போகும்போது, கை தானாகவே ஆபீஸ் வழிக்குத் திரும்பிவிடும், குழந்தையும் தூங்கிப்போயிருக்கும். அப்படிப்பட்ட நாளில் டிபன் பையை, கைபேசியைப் பின்சீட்டில் குழந்தையின் காலடியில் வைத்துவிடுங்கள். எங்கே நிறுத்தினாலும் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுவது என்று கைக்குப் பழக்குங்கள். குழந்தை வரவில்லை என்றால் பத்து நிமிடத்துக்குள் போன் செய்யும்படி பால்வாடியிலோ பள்ளியிலோ சொல்லி வையுங்கள். பள்ளி வேன் ஓட்டுபவர் சாவியை எடுக்குமுன் கடைசி சீட்டு வரை நடந்து, குனிந்து பார்த்து வர வேண்டும்.

எங்கே நிறுத்துவது

மதுரையில் சித்திரை பிறக்கும் வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். உச்சிப்பொழுது 12 மணிக்கல்ல, 12.15-ஐ ஒட்டி வரும். அப்போது மதில் ஓரம், கட்டட ஓரம் எதிலும் நிழல் இராது. மரத்துக்கு நேர் கீழே மட்டும்தான் நிழல். மூன்றேகால் மணிக்குச் சூரியன் 45 டிகிரி சாய்ந்திருக்கும். 20 அடி மதிலின் நிழல் 20 அடி கிழக்கே நீண்டிருக்கும். எனவே பதினொரு மணிக்கு நிறுத்தி நான்கு மணிக்கு எடுப்பதானால், மரத்துக்குக் கிழக்குப் பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். காலையில் நிழலாக இருந்த மேற்குப் பக்கம் மதியத்துக்குப் பிறகு முழு வெயிலாகிவிடும். வேம்பு, புங்கை, புளி மூன்றும் அடர்ந்த நிழல். தென்னை நிழலை நம்ப வேண்டாம். மதியத்துக்கு மேல் நிற்கும் கார் கிழக்கு நோக்கி நின்றால் டேஷ்போர்டில் மேற்கு வெயில் நேராக விழாது.

முன்கண்ணாடிக்கு வெள்ளி நிற மடிப்பு மறைப்பு போடுங்கள். டேஷ்போர்டு, ஸ்டீயரிங் சூடு நன்றாகக் குறையும். கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருக்கலாம் என்பதைப் பற்றி விதி தெளிவாக இருக்கிறது: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். உள்ளே குழந்தை இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவும் அந்த விதி நல்லது.

எடுக்கும்போது எல்லாக் கதவையும் திறங்கள். அவசரம் என்றால் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறித் திறந்து மூடினால் கூரைக்கடிச் சூடு வெளியேறும். ஏசியை வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, கண்ணாடி இறக்கியபடி ஓரிரு நிமிடம் ஓட்டி, பிறகு மூடி உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். குழந்தையை உட்கார வைக்குமுன் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். தொடையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

காரில் விட்டுப்போகக் கூடாத சாமான்கள்: பவர் பேங்க், லைட்டர், பாடி ஸ்பிரே, கொசு மருந்து டப்பா. ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருப்பார்கள். டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். இன்சுலின், இன்ஹேலர், தைராய்டு மாத்திரை கூடவே வரட்டும். சூட்டில் கெட்ட இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே இருக்கலாம், வேலை செய்யாது. நாய்க்கும் இதே சட்டம். அது வியர்த்துக் குளிர்வதில்லை, இரைத்துத்தான் குளிர்கிறது. மூக்கு சப்பையான பக் வகைக்கு அதுவும் சரியாக முடியாது.

பூட்டிய காருக்குள் குழந்தையைப் பார்த்தால்

1. எல்லாக் கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று பூட்டாமல் இருக்கலாம்.
2. கண்ணாடியைத் தட்டுங்கள். குழந்தை திரும்பிப் பார்க்கிறதா, அழுகிறதா, வியர்த்திருக்கிறதா? பதில் இருந்தால் ஒருவர் கூடவே நிற்க, இன்னொருவர் கடையிலோ கோயிலிலோ மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லச் செய்யட்டும். 112-க்கும் அழையுங்கள்.
3. குழந்தை துவண்டோ, தூங்குவதுபோலோ, வாந்தியோடோ, வலிப்போடோ இருந்தால் சொந்தக்காரரைத் தேடி நேரம் கடத்தக் கூடாது. கண்ணாடியை உடையுங்கள்.

உடைக்க வேண்டியது குழந்தைக்குத் தூரத்தில் உள்ள பக்கக் கண்ணாடி. முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, உடைந்தாலும் விழாது. பக்கக் கண்ணாடியின் நடுவில் அடித்தால் அடி துள்ளிவிடும். கீழ் மூலையில், கூர்மையான கடினப் பொருளால், சின்ன இடத்தில் அடி விழ வேண்டும். வீல் ஸ்பேனரின் முனை, சுத்தியல், கூர்முனைக் கருங்கல் எதுவும் உதவும். உடைந்த ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் துண்டு கிடைத்தால் வீசி எறிந்தாலே நொறுங்கும். கையைத் துண்டால் சுற்றிக்கொள்ளுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அரிசி அரிசியாக உதிரும். கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அப்படியே தொங்கும், உள்ளே தள்ளிவிட்டுக் கையை விட்டுக் கதவைத் திறங்கள். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்த இடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும், பக்கத்தில் இருப்பவரைச் சாட்சியாக நிறுத்துவதும் நல்லது.

வெளியே எடுத்ததும்

108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காமல் குளிரவையுங்கள். அந்த முதல் நிமிடங்கள்தான் மூளையைக் காப்பாற்றும். நிழலுக்குக் கொண்டுபோய் உடைகளைக் கழற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ உடம்பு முழுக்க ஊற்றி, அட்டையால், முந்தானையால் விடாமல் விசிறுங்கள். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். ஈரத்துணியை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; அது சூடேறிப் போர்வையாகிவிடும். நினைவு தெளிந்து நடுக்கம் வந்தால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம்.

நினைவு முழுசாக இருந்தால் மட்டும் சிறுகச் சிறுகத் தண்ணீரோ உப்பு சர்க்கரைக் கரைசலோ கொடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பால். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, அந்த மருந்து இங்கே வேலை செய்யாது. மூச்சு இல்லை என்றால் மார்பழுத்தம் தொடங்குங்கள், 108 ஊழியர் போனிலேயே வழி சொல்வார்.

பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு சில நேரம் மறுநாளோ அதற்குப் பிறகோதான் தெரியவரும். அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கோ போய் மூன்றைச் சொல்லுங்கள்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை காருக்குள் இருந்தார், வெளியே எடுத்தபோது நினைவு இருந்ததா, எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினீர்கள். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்ன நிறம் என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள். தேநீர் நிறத்தில் போனால் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.